வாய்க்கால் வெட்டிக் குடியேறியவர்கள்: யூட்டாவின் மார்மன் வரலாறு

அமெரிக்காவின் மேற்கே, யூட்டா மாநிலத்திலுள்ள லோகன் நகரின் கிழக்கே மலை சட்டென்று எழுந்து நிற்கிறது. அதன் இடுக்கிலிருந்து வெளிவரும் லோகன் ஆறு சமவெளியைத் தொடுவதற்கு முன்பே தன் நீரில் பெரும்பங்கைக் கால்வாய்களுக்குக் கொடுத்துவிடுகிறது. சரிவை ஒட்டி, ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக, வடக்கும் தெற்கும் பிரிந்து செல்லும் அந்தக் கால்வாய்களில் பழையவை 1860களில் மண்வெட்டியாலும் ஏராலும் வெட்டப்பட்டவை. நீர்ப்பாசனப் பொறியியல் படிக்க யூட்டா மாநிலத்துக்குப் போய், படிப்பு முடிந்த பின்னும் அங்கேயே வேலை பார்த்த எனக்கு, மார்மன்களின் வரலாறு முதலில் தேவாலயங்கள் வழியாக அல்லாமல் இந்தக் கால்வாய்கள் வழியாகத்தான் அறிமுகமாயிற்று. தமிழில் மார்மன்களைப் பற்றி எழுதப்படுவதில் பெரும்பாலானவை பலதார மணத்தோடு நின்றுவிடுகின்றன. அது வரலாற்றின் முக்கியமான பகுதிதான். ஆனால் அந்த நிலப்பகுதி ஏன் இன்று இப்படி இருக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள, தண்ணீர் யார் கையில் இருந்தது, யார் கையிலிருந்து போனது என்ற கேள்வியே நமக்கு அதிகம் உதவும்.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மார்மன்கள் என்று அழைக்கப்படுவது, 1830-ல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் நிறுவிய சபையைச் சேர்ந்தவர்கள். இன்று பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது அந்தச் சபையின் முழுப்பெயர். ஒஹாயோ, மிசௌரி, இல்லினாய் என்று ஒவ்வோர் இடமாகக் குடியேறி, ஒவ்வோர் இடத்திலிருந்தும் அவர்கள் விரட்டப்பட்டார்கள். 1838-ல் மிசௌரி ஆளுநர் லில்பர்ன் பாக்ஸ், மார்மன்களைப் பகைவர்களாகக் கருதி அழிக்கவோ மாநிலத்தை விட்டுத் துரத்தவோ வேண்டும் என்று எழுத்திலேயே ஆணையிட்டார். 1844 ஜூன் 27 அன்று இல்லினாய் மாநிலத்தின் கார்த்தேஜ் சிறையில் ஒரு கும்பல் ஸ்மித்தைச் சுட்டுக் கொன்றது. அவருக்குப் பின் தலைமையேற்ற பிரிகாம் யங், வேறு யாரும் விரும்பாத ஒரு நிலத்தைத் தேடினார். அப்போது மெக்சிகோவுக்கு உரியதாயிருந்த பெரும் உப்பு ஏரியின் கரைப் பள்ளத்தாக்கு அவருடைய தேர்வாயிற்று. யாரும் விரும்பாத நிலம் என்பது அவர்களுடைய கணிப்பு. யூட், ஷோஷோனி, பையூட் என்ற பழங்குடி மக்கள் பல தலைமுறைகளாக அங்கே வாழ்ந்துவந்தார்கள்.

1847 ஜூலையில் வந்த முன்னோடிக் குழுவில் 143 ஆண்களும் 3 பெண்களும் 2 குழந்தைகளும் இருந்தனர். அந்த ஆண்களில் கிரீன் ஃப்ளேக், ஹார்க் லே, ஆஸ்கர் கிராஸ்பி என்ற மூவர் கறுப்பின அடிமைகள். குடியேற்றத்தின் தொடக்கம் அவர்களுடைய உழைப்பையும் சேர்த்ததுதான் என்பதை நினைவுச் சின்னங்கள் நெடுங்காலம் சொல்லாமல் விட்டுவிட்டன. மாநிலமே விடுமுறை விட்டுக் கொண்டாடும் நாள் ஜூலை 24. காய்ச்சலில் வண்டியில் படுத்தபடி பிரிகாம் யங் வந்து சேர்ந்த நாள் அது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதற்கு முந்தைய நாள். ஜூலை 23 அன்று முன்னே வந்தவர்கள் உழத் தொடங்கினார்கள். மண் காய்ந்து கட்டாந்தரையாகிக் கிடந்ததால் கலப்பைகள் உடைந்தன. உடனே சிட்டி கிரீக் என்று பின்னர் பெயர் பெற்ற ஓடையைக் கற்களும் மண்ணும் கொண்டு மறித்து, தண்ணீரை நிலத்தின்மேல் திருப்பினார்கள். மண் இளகியது, ஏர் இறங்கியது, உருளைக்கிழங்கு நட்டார்கள். வந்தவர்களில் மிகப்பலர் மழையை நம்பிப் பயிர் செய்யும் ஊர்களில் பிறந்தவர்கள். பின்னால் இங்கிலாந்திலிருந்து வந்த ஆலைத் தொழிலாளர்களும் டென்மார்க்கிலிருந்து வந்த குடியானவர்களும் வாய்க்கால் பாசனத்தைக் கண்ணாலும் கண்டிராதவர்கள். அப்படிப்பட்டவர்கள் வந்த ஒரே தலைமுறைக்குள் ஒரு வறண்ட நிலப்பரப்பின் பாசன வழக்கத்தையே வகுத்தார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

அந்த வழக்கத்தின் அடிப்படை எளிமையானது. மலையிலிருந்து இறங்கும் ஓடைகளும் மலையில் வளரும் மரங்களும் தனியாருக்குச் சொந்தமாகக் கூடாது என்று வந்து இரண்டாண்டுகளுக்குள் பிரிகாம் யங் அறிவித்துவிட்டார். நிலத்தை யாரும் விலைக்கு விற்கவோ வாங்கவோ கூடாது. ஒவ்வொரு குடும்பமும் தன்னால் உழக்கூடிய அளவு அளந்து பெற்றுக்கொள்ளலாம். கால்வாய் வெட்டும் வேலை நிலத்தின் அளவுக்கு ஏற்பப் பங்கிடப்பட்டது: அதிக ஏக்கர் வைத்திருப்பவர் அதிக கோல் நீளம் வெட்ட வேண்டும், ஆண்டுதோறும் வசந்தத்தில் அதே விகிதத்தில் தூர்வார வேண்டும். யாருக்கு எந்த நேரம் தண்ணீர் என்பதை நீர்மேலாளர் ஒருவர் குறித்துக் கொடுப்பார். தகராறு வந்தால் அந்த வார்டின், அதாவது சபையின் உள்ளூர்ப் பிரிவின், பிஷப்பிடம் போக வேண்டும். இங்கே பிஷப் என்றால் ஊதியம் வாங்கும் பாதிரியார் அல்லர். அதே ஊரில் அதே கால்வாயில் நீர் பாய்ச்சும் ஒரு குடியானவர். தசமபாகத்தைக் கோதுமையாகவும் வெண்ணெயாகவும் முட்டையாகவும் வாங்கிக் களஞ்சியத்தில் சேர்ப்பவரும் அவரே, தலைமடைக்காரரின் பேராசையைக் கண்டிப்பவரும் அவரே. நீதிமன்றம் தொலைவில் இருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமை அதே மனிதரின் முன் உட்கார்ந்து ஜெபிக்க வேண்டும் என்ற கூச்சமே பலரைத் திருட்டு மடை திறக்காமல் தடுத்திருக்கும் என்பது என் ஊகம். 1852-ல் இயற்றப்பட்ட சட்டம் நீர், மரம், ஆலை உரிமைகளை வழங்கும் அதிகாரத்தை மாவட்ட நீதிமன்றங்களுக்குக் கொடுத்தது. ஆனால் அந்த நீதிபதிகளும் பெரும்பாலும் சபையின் மனிதர்களே.

இந்த முறையின் மிச்சத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். லோகனுக்கு வடக்கே என் வாடகை வீட்டின் பின்புறம் நிலம் வைத்திருந்த முதியவர் ஒருவர், தன் முறை நள்ளிரவுக்குப் பின் வருகிறது என்று சொல்லி ஒரு கோடைக்காலத்தில் என்னை உடன் அழைத்துப் போனார். கால்வாய்க் கம்பெனி அனுப்பிய முறைச்சீட்டு அவருடைய சட்டைப்பையில் இருந்தது. தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் நிமிடக் கணக்கில் அதில் அச்சாகியிருந்தன. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தோளில் மண்வெட்டி, கக்கத்தில் ஒரு மரக்கட்டையில் ஆணியடித்துச் சுருட்டிய தார்ப்பாய். மேல் நிலத்துக்காரரின் நேரம் முடியும்வரை பேசாமல் நின்றார். பிறகு சிறிய மதகை உயர்த்தி, வந்த தண்ணீருக்குக் குறுக்கே அந்தக் கட்டையை இரு கரையிலும் பதிய வைத்துப் பாயை விரித்துவிட்டு, அதன் அடிவிளிம்பில் நான்கைந்து வெட்டு மண்ணை அள்ளிப் போட்டார். தண்ணீர் பாயில் முட்டி, கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, கரையில் அவர் முன்பே வெட்டி வைத்திருந்த வாய்களின் வழியாகக் குதிரைமசால் என்ற தீவனப்பயிர் வயலுக்குள் பரவியது. நீர் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பதை இருட்டில் சத்தத்தைக் கொண்டே அறிந்தார். தன் கொள்ளுத்தாத்தா அந்தக் கால்வாயை வெட்டியவர்களில் ஒருவர் என்றும், கம்பெனியில் தமக்குள்ள பங்குகள் அந்த உழைப்பின் வழியாக வந்தவை என்றும் சொன்னார். ஒப்பிடாமல் இருக்க என்னால் முடியவில்லை: நம் ஏரிப்பாசன ஊர்களில் நீர்க்கட்டிகள் செய்துவந்த வேலையை அங்கே ஒவ்வொரு குடியானவரும் தானே செய்கிறார்.

ஊரின் அமைப்பும் இதிலிருந்து பிறந்ததுதான். அமெரிக்க மேற்கின் பிற பகுதிகளில் குடியானவர்கள் தத்தம் நிலத்தின் நடுவே தனி வீடு கட்டி, அண்டை வீடு கண்ணுக்கு எட்டாத தூரத்தில் வாழ்ந்தார்கள். மார்மன்கள் ஊருக்குள் நெருங்கிக் குடியிருந்துகொண்டு, காலையில் வெளியே இருக்கும் வயலுக்குப் போய் வந்தார்கள். சால்ட் லேக் சிட்டியில் சதுரமான 10 ஏக்கர் மனைத்தொகுதிகளும் 132 அடி அகலத் தெருக்களும் அளந்து விடப்பட்டன. தெருவோரம் ஓடிய வாய்க்கால்களிலிருந்து வீட்டுத் தோட்டங்களுக்கு நீர் பாய்ந்தது. ஒவ்வொரு முகவரியும் ஆலய வளாகத்திலிருந்து எத்தனை தெரு தெற்கே, எத்தனை தெரு கிழக்கே என்று எண்ணப்படுவது இன்றும் தொடர்கிறது. கூட்டமாக வாழ்ந்ததால்தான் தூர்வார ஆள் திரட்டவும், பள்ளிக்கூடம் நடத்தவும், நோயாளியைப் பார்த்துக்கொள்ளவும் முடிந்தது. சபையின் பெண்கள் சங்கம் 1876 முதல் பஞ்சத்துக்கென்று தனியாகக் கோதுமை சேமித்தது. அறுவடைக்குப் பின் வயலில் சிந்திய கதிர்களைப் பொறுக்கியும் அந்தச் சேமிப்பை வளர்த்தார்கள். முதல் உலகப்போரின்போது 1918-ல் அமெரிக்க அரசு அவர்களிடமிருந்து 2 லட்சம் புஷலுக்கு (அங்கே தானியம் அளக்கும் அளவை) மேல் கோதுமையை வாங்கியது.

பள்ளத்தாக்கு நிரம்பியதும் அடுத்த பள்ளத்தாக்குக்கு ஆள் அனுப்பப்பட்டது. விரும்பியவர் போகலாம் என்ற ஏற்பாடு எல்லா இடத்திலும் இல்லை. சபையின் மாநாட்டில் பெயர் வாசிக்கப்படும். பெயர் வாசிக்கப்பட்டவர் கட்டிய வீட்டையும் பலன் கொடுக்கத் தொடங்கிய பழமரங்களையும் விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். 1861 அக்டோபரில் அப்படி 309 குடும்பங்கள் தெற்குப் பாலைவனத்துக்கு, பருத்தி விளைவிக்கும்படி அழைக்கப்பட்டன. உள்நாட்டுப் போரால் தென் மாநிலங்களின் பருத்தி கிடைக்காது என்பது கணக்கு. செயின்ட் ஜார்ஜ் என்ற அந்த ஊரில் வெர்ஜின் ஆற்றின் குறுக்கே கட்டிய அணைகளை வெள்ளம் திரும்பத் திரும்ப அடித்துப் போயிற்று. அவர்கள் திரும்பத் திரும்பக் கட்டினார்கள். பருத்தி லாபம் தரவில்லை; 1869-ல் கண்டம் தாண்டும் ரயில்பாதை யூட்டாவில் இணைந்த பிறகு வெளித் துணியே மலிவாகிவிட்டது. ஆனாலும் ஊர் கலையவில்லை. கட்டளைக்குக் கீழ்ப்படிந்து போனவர்களின் இந்தப் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன். அதே சமயம், மறுக்க முடியாத அழைப்பின் பாரம் அந்த வீட்டுப் பெண்கள்மேல் எப்படி விழுந்திருக்கும் என்பதையும் எண்ணாமல் இருக்க முடியவில்லை. 1877-ல் பிரிகாம் யங் இறக்கும்போது இப்படி 350-க்கு மேற்பட்ட குடியிருப்புகள் உருவாகியிருந்தன. அவருக்குப் பின்னும் அரிசோனாவின் மேசா, கனடாவின் கார்ட்ஸ்டன், மெக்சிகோவின் கொலோனியா ஹுவாரெஸ் என்று அது விரிந்தது. அவற்றில் சில, 1880களில் பலதார மணத்துக்கு எதிரான கூட்டரசுச் சட்டங்களின் பிடியிலிருந்து தப்பியவர்களின் புகலிடங்கள். 1890-ல் சபை புதிய பலதார மணங்களைக் கைவிடுவதாக அறிவித்தது. 1896-ல் யூட்டா மாநிலமாயிற்று.

இந்தப் பாசன அனுபவம் யூட்டாவோடு நிற்கவில்லை. வறண்ட நிலங்களைப் பற்றி 1878-ல் அரசுக்கு அறிக்கை கொடுத்த ஜான் வெஸ்லி பவல், யூட்டாவின் குடியிருப்புகளை நன்கு அறிந்தவர். 160 ஏக்கர் சதுரமாக நிலத்தைப் பிரித்துத் தனித்தனியாகக் கொடுப்பது மழை குறைந்த நாட்டில் பலிக்காது, குடியானவர்கள் கூட்டாக நீரை ஆள வேண்டும் என்று அவர் வாதாடினார். கூட்டரசு அதை அப்போது கேட்கவில்லை. கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தின் தெற்கில் 1898-ல் பெரிய கால்வாய் வெட்டத் திட்டமிட்டபோது, கம்பெனிக்காரர்கள் மார்மன்களைத் தேடிப் போய் ஒப்பந்தம் செய்தார்கள். கூலியில் பாதி பணமாகவும் பாதி நிலமாகவும் கொடுக்கப்பட்டது. மக்ராத், ஸ்டெர்லிங் என்ற ஊர்கள் அப்படி எழுந்தவை.

இதுவரை சொன்னது குடியேறியவர்களின் பக்கம். லோகன் இருக்கும் கேஷ் பள்ளத்தாக்கில் அதன் மறுபக்கம் என்னவாயிற்று என்பதைச் சொல்லாமல் கால்வாயின் பெருமையை மட்டும் சொல்வது நேர்மையாகாது. பீட்டர் மோகன் தலைமையில் 1856-ல் முதல் குடியிருப்பு அமைந்தபோது, அந்தப் பள்ளத்தாக்கு வடமேற்கு ஷோஷோனி மக்களின் உணவுக் களஞ்சியமாக இருந்தது. அவர்கள் புல்விதைகளைச் சேகரித்து மாவாக்குவார்கள், கிழங்கு தோண்டுவார்கள், ஆற்றில் மீன் பிடிப்பார்கள். சில ஆண்டுகளுக்குள் குடியேறியவர்களின் மாடுகள் அந்தப் புல்லை விதை கட்டுவதற்கு முன்பே மேய்ந்து தீர்த்தன. ஓரங்களில் இருந்த ஈரநிலங்கள் உழப்பட்டன. பழங்குடிகளோடு போரிடுவதைவிட அவர்களுக்கு உணவு கொடுப்பது மேல் என்று பிரிகாம் யங் அறிவுறுத்தியது உண்மை. குடியேறியவர்கள் கோதுமை கொடுத்ததும் உண்மை. ஆனால் 1850-லேயே ப்ரோவோ பகுதியில் யூட் மக்கள்மேல் படை அனுப்பி ஆண்களைக் கொல்ல அனுமதித்தவரும் அவர்தான். தன் சொந்த நிலத்தில் பிறர் கொடுக்கும் மாவுக்குக் கையேந்த வேண்டிய நிலைக்கு ஒரு மக்கள் வந்துவிட்டார்கள். பசித்தவர்கள் மாடுகளைப் பிடித்தார்கள், மோதல்கள் கூடின.

1863 ஜனவரி 29 விடியற்காலையில், சால்ட் லேக் சிட்டியிலிருந்து கடும் பனியில் வந்த கர்னல் பாட்ரிக் கானரின் படை, இன்றைய ஐடஹோவின் பிரெஸ்டன் ஊருக்கு அருகே பேர் ரிவர் ஆற்றங்கரையில் குளிர்காலத்துக்காகத் தங்கியிருந்த ஷோஷோனி மக்களைத் தாக்கியது. பெண்களும் குழந்தைகளும் உட்படக் குறைந்தது 250 பேர் கொல்லப்பட்டனர். 400-க்கும் மேல் என்று சொல்லும் கணக்குகளும் உண்டு. வந்தவர்கள் கூட்டரசின் படையினர், மார்மன்கள் அல்லர். ஆனால் அவர்களுக்கு வழிகாட்டிச் சென்ற போர்ட்டர் ராக்வெல் மார்மன். காயமடைந்த படையினரை வீடுகளில் வைத்துப் பார்த்துக்கொண்டவர்கள் அருகிலிருந்த ஃபிராங்க்ளின் ஊரின் மார்மன் குடும்பங்கள். 1932-ல் அங்கே நட்ட நினைவுச்சின்னம் அதைப் ‘போர்’ என்றே குறித்தது. 1990-ல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டபோதுதான் ‘படுகொலை’ என்ற பெயர் அரசு ஏட்டில் ஏறியது.

உயிர் தப்பிய தலைவர்களில் ஒருவரான சாக்விச், 1873-ல் தம் மக்களோடு மார்மன் சபையில் ஞானஸ்நானம் பெற்றார். அவருடைய மக்கள் லோகன் ஆலயத்தின் கட்டுமானத்தில் உழைத்தார்கள். வாஷகி என்ற ஊரில் வாய்க்கால் வெட்டிப் பயிர் செய்தார்கள். நிலத்தைப் பறித்தவர்களின் சமயத்தையே தழுவியது பசியாலா, நம்பிக்கையாலா என்று வெளியிலிருந்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அவர்களுடைய வழித்தோன்றல்களில் பலர் இன்றும் பற்றுள்ள சபை உறுப்பினர்கள். படுகொலை நடந்த இடத்துக்குப் போகும்போது நெடுஞ்சாலையை ஒட்டிய மேட்டில் ஒரு மரம் நிற்கிறது. அதன் கிளைகளில் துணிப் பட்டைகளும் இறகுகளும் மணிகளும் சின்னக் குழந்தைகளின் பொம்மைகளும் கட்டப்பட்டிருக்கின்றன. கீழே பள்ளத்தில் ஆறு வளைந்து போகிறது. 2018-ல் வடமேற்கு ஷோஷோனி மக்கள் அந்தப் படுகொலைக் களத்தில் சுமார் 550 ஏக்கரை விலை கொடுத்தே திரும்ப வாங்கினார்கள். அங்கே மண்டிக்கிடந்து தண்ணீரை உறிஞ்சும் ரஷ்ய ஆலிவ் மரங்களை வெட்டி எடுத்துவிட்டு, அந்த மண்ணுக்குரிய வில்லோ முதலியவற்றை நட்டு வருகிறார்கள். ஓடைகளை அவற்றின் பழைய போக்கில் விட்டு, மிஞ்சும் நீரைப் பெரும் உப்பு ஏரிக்கு அனுப்புவது அவர்களுடைய நோக்கம்.

அந்த ஏரியின் நிலைதான் இப்போது எல்லோருடைய கவலையும். பேர் ரிவர் தான் பெரும் உப்பு ஏரிக்கு மிக அதிக நீரைக் கொண்டுவரும் ஆறு. ஏரிக்கு வெளியேறும் வழி கிடையாது. வரும் நீருக்கும் ஆவியாகும் நீருக்கும் உள்ள கணக்கே அதன் மட்டம். 1983 வசந்தத்தில் பனி ஒரேயடியாக உருகி, 1847-ல் முதன்முதலாக மறிக்கப்பட்ட அதே சிட்டி கிரீக் பெருக்கெடுத்தபோது, சால்ட் லேக் சிட்டியின் ஸ்டேட் தெருவையே மணல்மூட்டைகளால் கரை கட்டி ஆறாக்கிவிட்டார்கள். வார்டு வார்டாகச் சொல்லியனுப்பி ஆயிரக்கணக்கானோரைச் சில மணி நேரத்தில் திரட்ட முடிந்தது, பழைய தூர்வாரும் வழக்கத்தின் வலிமையைக் காட்டியது. ஏரி கரை மீறி வளர்ந்ததால் 1987-ல் பெரும் செலவில் இறைப்பு இயந்திரங்கள் வைத்து அதன் நீரை மேற்குப் பாலைவனத்தில் கொட்டினார்கள். அதன் பிறகு போக்கு மாறியது. 2022 நவம்பரில் ஏரி, கணக்கெடுக்கத் தொடங்கிய காலத்திலிருந்து காணாத அளவுக்குத் தாழ்ந்தது. வெளிப்பட்ட ஏரிப்படுகையிலிருந்து ஆர்சனிக் கலந்த தூசி நகரத்தின்மேல் வீசுகிறது. உப்புநீர் இறாலும் அதை நம்பி வரும் லட்சக்கணக்கான பறவைகளும் ஆபத்தில் இருக்கின்றன. மழைக்குறைவும் வெப்பமும் காரணங்கள்தான் என்றாலும், முதன்மைக் காரணம் ஏரியை அடையும் முன்பே ஆறுகள் திருப்பப்படுவது. அப்படித் திருப்பப்படும் நீரில் பெரும்பங்கு வயலுக்கு, அதிலும் மாட்டுத்தீவனமான குதிரைமசாலுக்குப் போகிறது.

இதில் சட்டத்துக்கும் பங்குண்டு. நீர் ஊருக்குப் பொது என்று தொடங்கிய ஏற்பாடு, 1880-ன் சட்டத்தால் தனிமனிதர் வைத்திருக்கவும் விற்கவும் கூடிய உரிமையாயிற்று. முதலில் பயன்படுத்தியவருக்கு முதல் உரிமை, பயன்படுத்தாமல் விட்டால் உரிமை பறிபோகும் என்ற விதி நிலைத்தது. தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வந்த விதி, தேவையில்லாதபோதும் மடையைத் திறந்து வைக்கும்படி குடியானவரைத் தூண்டியது. ஏரிக்குப் போகும் நீர் வீணாகும் நீர் என்பதே ஒன்றரை நூற்றாண்டுக் காலத்தின் பொதுப்புத்தி. பழைய கால்வாய்களின் வேறோர் ஆபத்தும் தெரியவந்தது: 2009 ஜூலையில் லோகன் வடக்குக் கால்வாயை ஒட்டிய மலைச்சரிவு இடிந்து ஒரு வீட்டின்மேல் விழுந்ததில் மூவர் இறந்தனர். அதன் பிறகு அங்கே நீர் குழாய்க்குள் கொண்டுபோகப்பட்டது.

2022-ல் மாநிலச் சட்டமன்றம், குடியானவர் தம் நீரை உரிமை இழக்காமல் ஏரிக்குக் குத்தகைக்கு விடலாம் என்று சட்டத்தைத் திருத்தியது. 2023 மார்ச்சில் சபையே ஒரு கால்வாய்க் கம்பெனியில் தனக்கிருந்த 5,700 பங்குகளை, அதாவது ஆண்டுக்குச் சுமார் 20,000 ஏக்கர்-அடி நீரை (ஓர் ஏக்கரில் ஓர் அடி உயரம் நிற்கும் நீர் ஓர் ஏக்கர்-அடி), நிரந்தரமாக ஏரிக்குக் கொடுப்பதாக அறிவித்தது. ஏரியின் தேவைக்கு முன் அது சிறிய அளவுதான். ஆனாலும் நீரைத் திருப்பி வளர்ந்த ஓர் அமைப்பு அதைத் திருப்பிக் கொடுக்கிறது என்பதால், வயலில் நிற்பவர்களிடம் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. என்னைக் கேட்டால், இனி நடக்க வேண்டிய பெரிய வேலை தலைநகரில் இல்லை. கேஷ் பள்ளத்தாக்கின் கால்வாய்க் கம்பெனிகள் பனி உருகுமுன் நடத்தும் பங்குதாரர் கூட்டங்களில் இருக்கிறது. எத்தனை முறை நீரைக் குத்தகைக்கு விடுவது, அதனால் கடைமடைக்காரருக்குக் குறைவதை யார் ஈடுசெய்வது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். அந்த மேசையில் ஷோஷோனி மக்களுக்கும் ஓர் இடம் வேண்டும் என்று அங்கே பழகியவர்களிடம் நான் சொல்லி வருகிறேன். சிலர் கேட்கிறார்கள், சிலர் நீர் உரிமை வரிசையில் அவர்கள் பெயர் இல்லையே என்கிறார்கள். அந்த வரிசையைச் சட்டம் எழுதத் தொடங்கியதே அவர்களை ஆற்றங்கரையிலிருந்து அகற்றிய பிறகுதான்.